"விளையாட்டுதானே, அனுசரித்துப் போ" என்பவர்களுக்கு



இது நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் சாயங்காலம் காபியோடு படித்துக்கொள்ளுங்கள். பாதி படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று போடுபவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலேயே தெரியும்.

விஷயம் இதுதான். சென்னையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள், ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டில் ஐந்து நண்பர்களை உட்காரவைத்து ஒரு விளையாட்டு நடத்துகிறாள். டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்று பெயர். அந்த ஐவரில் ஒரு பையன் ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தைக் கெடுக்கிறான், என்ன செய்யலாம் என்று நம் குடும்பக் குழுவில் வெகுளியாகக் கேட்டுவிட்டாள். அன்று ராத்திரி பதினோரு மணி வரைக்கும் குழு ஓயவில்லை. மூன்று கட்சி ஆகிவிட்டது. மதுரை மாமாவும் இரண்டு அண்ணிகளும் "விளையாட்டுதானே, அனுசரித்துப் போ" கட்சி. திருப்பூர்த் தம்பி "நாளைக்கே புதுக் குழு ஆரம்பி, அவனைச் சேர்க்காதே" கட்சி. தானும் இந்த ஆட்டம் ஆடுகிற என் ஓரகத்தி மகன், "ஆட்டத்துக்குள்ளேயே அவனை நாலு சாத்து சாத்து, தானாக அடங்குவான்" கட்சி.

மூன்றும் தப்பு. ஏன் தப்பு என்பதை அங்கே துண்டு துண்டாகச் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன். என் மாணவர்கள் சிலரும் இதை ஆடுகிறார்கள் என்று இந்தச் சாக்கில்தான் தெரிந்தது. அவர்களுக்கும் சேர்த்தே.

முதலில், "இது ஏதோ பேய் பிசாசு விளையாட்டாமே" என்று தனியாகப் போன் செய்து கேட்ட அண்ணிக்கு. பயப்பட வேண்டாம். 1980களில் அமெரிக்காவிலும் சில பெற்றோர்களும் மத அமைப்புகளும் இப்படித்தான் பயந்து பெரிய கூப்பாடு போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அதை ஆடிய பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டி ஆகியிருப்பார்கள்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் சேர்ந்து உருவாக்கிய ஆட்டம் இது. 1974இல், விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து வெளிவந்தது. முதலில் அச்சடித்தது வெறும் ஆயிரம் பெட்டி, பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். இன்றைக்கு உலகம் பூராவும் ஆடுகிறார்கள். ஒருவர் கதை சொல்லி நடத்துவார், அவரை டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். என்கிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி வைத்தியம் தெரிந்த பூசாரி, ஒருவன் திருடன், ஒருவன் போர்வீரன். "குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று டி.எம். கேட்பார். ஒவ்வொருவரும் தன் பாத்திரமாக நின்று பதில் சொல்வார்கள். சந்தேகமான காரியம் என்றால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டி, நடந்ததா இல்லையா என்று பார்ப்பார்கள். ஜெயித்தவன் தோற்றவன் என்று யாரும் கிடையாது. கதை மாதக்கணக்கில், சில இடங்களில் வருஷக்கணக்கில் நடக்கும்.

நான் ஒரு ஞாயிறு கூட உட்கார்ந்து பார்த்தேன். நம் ஊர்க் கோயில் கொடையில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவளுக்கு இது புரியாமல் போகுமா? வித்தியாசம் ஒன்றுதான். இங்கே பார்வையாளர் கிடையாது, எல்லாரும் வேஷக்காரர்.

தாயத்தில் ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சோழி விழுந்த எண் விழுந்ததுதான், காய் நகர்ந்துவிடும். கேரம் போர்டிலும் அப்படியே. இந்த ஆட்டத்தில் காய் இல்லை, கட்டம் இல்லை. ஆறு பேரும் சேர்ந்து "குகை இருக்கிறது" என்று நம்புவதால்தான் குகை இருக்கிறது. ஒருவன் சிரித்துக் கெடுத்தால் குகை போய்விடும், ஒரு பிளாட்டின் ஹாலும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான் மிஞ்சும். அதனால்தான் "விளையாட்டுதானே" என்ற வார்த்தை இங்கே செல்லாது. மற்ற ஆட்டங்களைவிட இதில் ஒரு ஆளின் நடத்தைக்கு விலை அதிகம்.

அந்தப் பையன் செய்வது என்ன? அடுத்தவர் முறை வரும்போது குறுக்கே பேசுவான். தன் கூட்டாளிகளின் பையிலிருந்தே பணம் திருடுவான். கதைக்குத் துப்புச் சொல்ல வந்த கிழவனைப் பேச விடாமல் கத்தியால் குத்திவிட்டான். ஏன் என்று கேட்டால் "என் கேரக்டர் அப்படி". டி.எம். ஒரு தீர்ப்புச் சொன்னால் விதிப் புத்தகத்தைத் திறந்து கால் மணி நேரம் வழக்காடுவான். தன் முறை முடிந்ததும் போனை எடுத்துவிடுவான்.

இவ்வளவையும் குடும்பக் குழுவில் எழுதியவள், கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாள். அந்தப் பூசாரிப் பாத்திரம் ஆடுகிற பெண் இரண்டு தடவையாக "ஆபீஸ் வேலை" என்று வரவில்லை, அவள் முறை வரும்போதெல்லாம் இவனே "நீ இப்ப எனக்கு வைத்தியம் பண்ணு" என்று அவளுக்கும் சேர்த்து ஆடிவிடுவான் என்று.

குழுவில் வந்த செய்திகளை நான் மேலிருந்து கீழ்வரை திரும்பப் படித்தேன். எல்லாம் அவனைப் பற்றி. அவன் வீட்டில் என்ன பிரச்சினையோ, பாவம் தனியாக இருக்கிறானோ, கெட்டிக்காரப் பையனாக இருப்பான் போல, துறுதுறுப்பு. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முப்பத்தைந்து வருஷம் ஸ்டாஃப் ரூமில் இதைத்தான் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பேச்செல்லாம் கடைசி பெஞ்சுப் பையனைப் பற்றியே இருக்கும். அவன் செய்த சேட்டை, அவன் அப்பா வந்து பேசியது, அவனைத் திருத்த யார் என்ன யோசனை வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதம் கை தூக்கிக்கொண்டிருந்த பிள்ளை ஆகஸ்டில் கை தூக்குவதை நிறுத்தியிருக்கும். அதை யாரும் பேச மாட்டார்கள், ஏனென்றால் கை தூக்காத பிள்ளை சத்தம் போடாது.

இப்போது அனுசரிப்புக் கட்சிக்கு வருகிறேன். மாமா, கோபித்துக்கொள்ள வேண்டாம். அனுசரித்துப் போ என்று நீங்கள் யாரிடம் சொல்கிறீர்கள்? அவனிடம் சொல்லவில்லை. ஆட்டம் நடத்துகிறவளிடம் சொல்கிறீர்கள். அவள் மூலமாக மற்ற நாலு பேரிடம் சொல்கிறீர்கள். இந்த வார்த்தை நம் வீடுகளில் எப்போதும் ஒரே திசையில்தான் போகும். சத்தம் போடுகிறவனிடம் போகவே போகாது. அவனிடம் சொன்னால் அவன் கேட்க மாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும், கேட்கிறவளிடம் சொல்லிவிடுவது சுலபம். கேட்டு நடக்கிற குணத்துக்குக் கூலியாக மேலும் ஒரு சுமையைத் தருகிறோம். புகுந்த வீட்டுக்குப் போன எத்தனை பேர் காதில் இந்த வார்த்தை விழுந்திருக்கிறது என்று அண்ணிகள் இரண்டு பேரும் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எனக்கு அது பழக்கம். ஆட்டம் நாலு மணி நேரம். அதில் பாதி டி.எம். பேசுவது, பகடை உருட்டுவது, சமோசா. மிச்சம் 120 நிமிஷம். ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 24 நிமிஷம். அவன் ஒருவனே 60 நிமிஷம் எடுத்துக்கொண்டால் மற்ற நாலு பேருக்கு ஆளுக்கு 15. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, வேளச்சேரிக்கு இரண்டு பஸ் மாறி வந்து, 15 நிமிஷம். அந்தப் பதினைந்திலும் இவன் குறுக்கே பேசினால்? அனுசரிப்பு என்று நாம் சொல்வது அந்தப் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமையை எடுத்து இவனுக்குக் கொடுப்பது. கொடுக்கிறவர்கள் நாமாக இருந்தால் தாராள மனசு என்று சொல்லலாம். அடுத்தவள் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கு என்ன பெயர்?

இதில் இன்னொரு சங்கதி உண்டு. இந்த ஆட்டம் ஆடுகிறவர்களில் பலர் பள்ளியில் ஓரமாக ஒதுக்கப்பட்ட பிள்ளைகள். கிரிக்கெட் டீமில் சேர்க்காத பிள்ளை, புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்த பிள்ளை. தாங்கள் ஒதுக்கப்பட்ட வலி தெரிந்ததால், யாரையும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதை ஒரு சத்தியம் போல வைத்திருக்கிறார்கள். 2003இல் இணையத்தில் வந்த ஓர் ஆங்கிலக் கட்டுரை இப்படிப்பட்ட குழுக்கள் நம்பிக்கொண்டிருக்கிற ஐந்து தப்பான நம்பிக்கைகளைப் பட்டியல் போட்டது. முதலாவதே இதுதான், ஒருவரை விலக்குகிறவர்கள் கெட்டவர்கள் என்ற நம்பிக்கை. அண்ணன் மகள்தான் அனுப்பினாள், படித்ததும் எனக்குப் பளிச்சென்றது. யாரையும் விலக்க மாட்டோம் என்று விடாப்பிடியாக நிற்கிற குழுவிலிருந்து ஆட்கள் விலகாமலா இருக்கிறார்கள்? விலகுகிறார்கள், சத்தமில்லாமல். ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு.

அடுத்து, "என் கேரக்டர் அப்படி". அவன் பாத்திரத்தின் தாளில் "கேயாட்டிக் நியூட்ரல்" என்று எழுதியிருக்கிறதாம். யாருக்கும் கட்டுப்படாதவன், நல்லவனும் இல்லை கெட்டவனும் இல்லை என்று அர்த்தம். சரி, அந்தத் தாளை நிரப்பியது யார்? பேனா பிடித்த கை யாருடையது? கூட்டாளியின் பையில் கைவைக்கிற திருடனையும் உருவாக்கலாம், ஊரெல்லாம் திருடினாலும் கூட்டாளிக்குச் சோறு போடுகிற திருடனையும் உருவாக்கலாம். முதலாவதைத் தேர்ந்தெடுத்தது பாத்திரம் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பையன். நம் சொந்தத்திலும் ஒரு பெரியவர் உண்டு, எல்லாக் கல்யாணப் பந்தியிலும் ஏதாவது சொல்லிப் பெண் வீட்டாரை அழ வைத்துவிட்டு "என் சுபாவம் அப்படி, மனசில் ஒன்றும் இல்லை" என்பார். யார் என்று பின்னூட்டத்தில் எழுத வேண்டாம்.

சேட்டையே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெருக்கூத்தில் கட்டியக்காரன் வருவான். ராஜாவையே கிண்டல் செய்வான், இழுத்து இழுத்துப் பேசுவான், நடுவில் புகுந்து ஊர் நாட்டாமையைக்கூட வம்புக்கு இழுப்பான். ஆனால் ராஜா மேடைக்கு வரும்போது அவர் யார் எவர் என்று சபைக்கு அறிமுகம் செய்து வைப்பதும் அவன்தான். அவன் கேலியால் ராஜா வேஷம் இன்னும் எடுப்பாகத் தெரியும். அவன் ஒதுங்க வேண்டிய இடத்தில் ஒதுங்குவான். அந்த அளவு தெரிந்ததால்தான் அவன் கட்டியக்காரன். நம் பையன் துப்புச் சொல்ல வந்த கிழவனைக் குத்தியது கட்டியக்காரன் வேலை இல்லை. திரையைக் கிழிக்கிற வேலை.

யோஹான் ஹய்ஸிங்கா என்ற டச்சு வரலாற்றாசிரியர் 1938இல் "ஹோமோ லூடென்ஸ்" என்ற புத்தகத்தில் விளையாட்டைப் பற்றி எழுதும்போது ஒரு வித்தியாசம் சொல்கிறார். கள்ளாட்டம் ஆடுகிறவன் வேறு, ஆட்டத்தைக் கெடுக்கிறவன் வேறு. கள்ளாட்டம் ஆடுகிறவன் விதியை மதிப்பதாகக் காட்டிக்கொண்டாவது ஆடுகிறான், ஆட்டம் நிற்கிறது. கெடுக்கிறவன் ஆட்டம் என்ற உலகத்தையே உடைக்கிறான். அதனால்தான் சமூகம் முன்னவனை மன்னிக்கிற அளவுக்குப் பின்னவனை மன்னிப்பதில்லை என்கிறார். பல்லாங்குழியில் பாட்டி இரண்டு முத்து அதிகமாக எடுத்ததை நாம் சிரித்துவிட்டு விட்டோம். பலகையைக் கவிழ்த்த பேரனை விடவில்லை.

இப்போது ஓரகத்தி மகன் கட்சி. இதற்குத்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் கேட்பதற்கு இது கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. அவன் திருடினால் அடுத்த அறையில் ஒரு பூதத்தை அவன்மீது மட்டும் பாயவிடு. எதிர்த்துப் பேசினால் இடி விழட்டும். பாத்திரத்தைச் சாகடி.

இந்த யோசனை புதிதல்ல. ஆட்டத்தை உருவாக்கிய கைகாக்ஸே 1979இல் டி.எம்.களுக்கு எழுதிய கையேட்டில் தொல்லை செய்கிற ஆட்டக்காரர்களைப் பற்றித் தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறார். அதில் ஒரு பாதி நியாயமான பேச்சு. கத்துகிறவன், தோற்றால் முகம் தூக்குகிறவன், புத்தகத்தைக் கேடயமாகப் பிடிக்கிறவன், இவர்களை வெளியே போகச் சொல்லுங்கள் அல்லது மறுபடி கூப்பிடாதீர்கள் என்கிறார். மறு பாதியில், வெளியேற்றுவதற்கு முந்தைய கடும் நடவடிக்கை என்று சில வழிகள் தருகிறார். வானத்திலிருந்து நீல நிற இடி அந்தப் பாத்திரத்தின் தலையில் இறங்கலாம், அதன் வசீகரப் புள்ளியில் ஒன்றை நிரந்தரமாகக் குறைத்துவிடலாம். சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் சிரிக்காமல் பின்பற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நம் வீட்டிலேயே.

இது என்ன என்று என் மாணவர்களுக்குச் சட்டென்று புரியும். வகுப்பில் பேசினான் என்பதற்காகக் கணக்குப் பரீட்சையில் மார்க் குறைப்பது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு ஆசிரியர் அப்படித்தான் செய்வார். சரியாகப் போட்ட கணக்குக்கு ஐந்து மார்க் வெட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் "ஒழுக்கம்" என்று எழுதுவார். அந்தப் பையன் ஒழுக்கம் கற்றானா? இல்லை. மார்க் என்பது கணக்குக்குக் கிடைப்பதில்லை, வாத்தியாரின் மனநிலைக்குக் கிடைப்பது என்று கற்றான். அவன் மட்டுமா? வேடிக்கை பார்த்த நாற்பது பேரும் கற்றார்கள். அந்த வருஷம் முழுக்க யாருடைய மார்க்கையும் யாரும் நம்பவில்லை.

பகடையும் அப்படித்தான். இருபது முகப் பகடை டி.எம். கோபித்தாலும் கொஞ்சினாலும் ஒரே மாதிரி உருளும் என்ற நம்பிக்கையில்தான் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தடவை இடி கோபத்தால் விழுந்தது என்று தெரிந்துவிட்டால், அப்புறம் விழுகிற ஒவ்வொரு இடியையும் சந்தேகப்படுவார்கள். தண்டனை பெற்றவனுக்கோ கொண்டாட்டம். எல்லார் கண்ணும் அவன்மேல். கதை முழுக்க அவனுக்கும் டி.எம்.முக்கும் நடக்கிற சண்டையாகிவிட்டது. செத்தால் என்ன, அடுத்த ஞாயிறு புதுத் தாளில் புதுத் திருடனோடு வருவான், இந்தத் தடவை வஞ்சத்தோடு.

ருடால்ஃப் ட்ரெய்கர்ஸ் என்று ஒருவர், வியன்னாவில் பிறந்து சிகாகோவில் வேலை செய்தவர், ஆட்லரின் சீடர். பிள்ளைகளின் தொல்லைக்குப் பின்னால் நாலு நோக்கம் இருக்கும் என்றார். கவனிக்கப்பட வேண்டும், அதிகாரம் வேண்டும், பழிவாங்க வேண்டும், அல்லது தன்னால் முடியாது என்று ஒதுங்க வேண்டும். தண்டனை வேறு, செய்த காரியத்தோடு பொருந்துகிற விளைவு வேறு என்றும் பிரித்துச் சொன்னார். தரையில் மை கொட்டினால் துடைக்க வை, அது விளைவு. மை கொட்டியதற்கு முட்டி போட வைத்தால் அது தண்டனை. ஆட்டத்துக்கு லேட்டாக வந்தால் மற்றவர்கள் ஆரம்பித்திருப்பார்கள், அது விளைவு. லேட்டாக வந்ததற்கு டிராகன் கடித்தால்? டிராகனுக்கும் கிண்டி டிராஃபிக்குக்கும் என்ன சம்பந்தம்?

மேஜைக்கு வெளியே நடக்கிற தப்பை மேஜைக்கு வெளியேதான் பேச வேண்டும். ஆளோடு ஆளாக. இதற்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். பூதத்தை ஏவிவிடுவது சுலபம், "தம்பி, நீ செய்வது சரியில்லை" என்று முகத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

திருப்பூர்த் தம்பியின் யோசனையும் அதே பயத்தின் இன்னொரு வேஷம்தான். அவனுக்குத் தெரியாமல் புது வாட்ஸ்அப் குழு. பழைய குழுவில் "இந்த வாரம் யாருக்கும் தோது இல்லை" என்று பொய். மூன்று மாதம் கழித்து யாரோ போட்ட ஸ்டேட்டஸ் படத்தில் அவன் பார்ப்பான், தன்னைத் தவிர எல்லாரும் பகடையோடு உட்கார்ந்திருப்பதை. என்ன தப்புக்கு என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. குற்றம் என்னவென்று சொல்லாமல் தண்டிக்கிற உரிமை யாருக்கும் கிடையாது.

நான் அவளிடம் சொன்னது இவ்வளவுதான். தனியாகக் கூப்பிட்டுப் பேசு, ஆட்டம் நடக்கிற நாளில் வேண்டாம், மற்றவர்கள் முன்னால் வேண்டவே வேண்டாம். டீக்கடையானாலும் சரி. நீ சுயநலக்காரன் என்று சொல்லாதே, அது குணத்தைச் சொல்வது, அதற்குப் பதில் சண்டைதான். போன தடவை அவள் முறையில் இத்தனை தரம் நீ பேசினாய் என்று நடந்ததைச் சொல், அது கணக்கு, கணக்கோடு சண்டை போடுவது கஷ்டம். மூன்று விஷயத்துக்கு மேல் சொல்லாதே. பிறகு நீ வாயை மூடிக்கொண்டு கேள். நீ நடத்துகிற கதையில் அவனுக்கு வேலை இல்லாமலும் இருக்கலாம். ஒன்றரை மணி நேரம் ராஜசபையில் பேச்சு மட்டும் நடந்தால், சண்டை பிடிக்க ஆசைப்பட்டு வந்தவன் கிழவனைத்தான் குத்துவான்.

ஒரு பொறுப்புக் கொடு என்றும் சொன்னேன். யார் முறை அடுத்தது என்று குறிக்கிற வேலை, சென்ற வாரம் என்ன நடந்தது என்று ஆரம்பத்தில் கதை சொல்கிற வேலை. வாலுப் பையன் கையில் சாக்பீஸ் டப்பாவைக் கொடுக்கிற பழைய வித்தைதான். ஆனால் எச்சரிக்கை, கெடுத்ததற்குப் பரிசு என்று மற்றவர்களுக்குப் படக் கூடாது. அமைதியாக இருப்பவளுக்கு முதலில் நேரம் ஒதுக்கிவிட்டுப் பிறகு இவனுக்குப் பொறுப்பு.

புதுக் கதை ஆரம்பிக்கும் முன் ஒரு நாள் எல்லாரும் உட்கார்ந்து, எது வேண்டும் எது வேண்டாம், கூட்டாளியிடம் திருடலாமா கூடாதா என்று பேசி முடிவு செய்வார்களாம். "செஷன் ஸீரோ" என்கிறார்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலோஸ் என்பவர் கொண்டுவந்த இன்னொரு ஏற்பாடும் உண்டு. மேஜை நடுவில் எக்ஸ் எழுதிய ஓர் அட்டை இருக்கும். கதையில் வருகிற ஏதாவது ஒன்று ஒருவருக்குத் தாங்கவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். நல்ல ஏற்பாடு. வாய் திறந்து சொல்ல முடியாதவர்களை நினைத்துச் செய்தது. ஆனால் குறுக்கே பேசுகிறவனை அட்டை திருத்தாது. அதற்கு மனிதர் வேண்டும்.

அந்த மனிதர் டி.எம். மட்டும்தானா? மற்ற மூன்று பேர் என்ன செய்கிறார்கள்? ஒவ்வொருவரும் அண்ணன் மகளுக்குத் தனித்தனியாக மெசேஜ் அனுப்புகிறார்கள், அவனை ஏதாவது செய் என்று. மேஜையில் உட்கார்ந்தால் சிரிக்கிறார்கள். "இரு, அவள் முறை, அவளே சொல்லட்டும்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்திருக்கும். அவள் வீடு கொடுத்து, கதை தயாரித்து, சமோசாவும் வாங்கி வைக்கிறாள். வாத்தியார் வேலையும் அவளே பார்க்க வேண்டுமா?

பேசிப் பார்த்தும் மாறவில்லை என்றால்? இங்கே என் மாணவர்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் கவனிக்கவும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16 தொடக்கக் கல்வி முடிகிற வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. பிரிவு 17 அடிக்கக் கூடாது, மனசைப் புண்படுத்தக் கூடாது என்கிறது. அதை நான் முழுமனதாக ஏற்கிறேன். எவ்வளவு தொல்லை செய்தாலும் அந்தப் பிள்ளைக்குப் பெஞ்சில் இடம் உண்டு, ஏனென்றால் படிப்பு அதன் உரிமை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் யாருடைய உரிமையும் இல்லை. இருபத்தெட்டு வயது ஆள், சம்பாதிக்கிறான், ஊரில் வேறு ஆட்டமும் உண்டு. மூன்று விஷயத்தைச் சொல்லி, இரண்டு தடவை அவகாசம் கொடுத்து, பிறகும் அப்படியே என்றால், "இந்த மேஜை உனக்குச் சரிப்படவில்லை" என்று நேரில் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அதில் பாவம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்து இரக்கத்தைக் கொண்டுபோய் எல்லா இடத்திலும் வைக்கக் கூடாது. நட்பு வேறு, நாற்காலி வேறு. ஆட்டத்தில் சேர்க்காதவனோடு சினிமாவுக்குப் போகலாம், தாராளமாக.

அண்ணன் மகள் பேசிவிட்டாள். அவன் முதலில் கேட்டது, "ஆறு மாசமா ஆடறோம், ஒருத்தர்கூட இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்று. நியாயமான கேள்வி. குறுக்கே பேச மாட்டேன், கூட்டாளியிடம் திருட மாட்டேன் என்று இரண்டுக்கு ஒத்துக்கொண்டான். விதிப் புத்தகத்தை மட்டும் விடமாட்டானாம். சந்தேகத்தை எழுதி வைத்து ஆட்டம் முடிந்த பிறகு கேள் என்றிருக்கிறாள். நோட்டு வாங்கியிருக்கிறானாம், அதுவே பெரிய விஷயம். அந்தப் பெண் இன்னும் வரவில்லை. "உன் முறை உன்னுடையதாகவே இருக்கும், வா" என்று இவள் போன் செய்து சொல்லியிருக்கிறாள். வருவதும் வராததும் அவள் இஷ்டம். வராவிட்டால் அவளைக் குற்றம் சொல்லி ஒரு செய்திகூட குழுவில் வரக் கூடாது, இது மாமாவுக்கு.

கடைசியாக, கோவையிலிருந்து பழைய மாணவர் ஒருவர் தனிச் செய்தியில் கேட்டிருக்கிறார். "டீச்சர், எங்கள் குழுவில் கெடுக்கிறதே டி.எம்.தான். தனக்குப் பிடித்தவன் பாத்திரத்துக்கே எல்லாம் நடக்கிறது, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறோம். அவர் வீடு, அவர் புத்தகம், என்ன செய்வது?" என்று. தம்பி, வழி அதேதான், ஆள் மட்டும்தான் மாறுகிறார். நீ ஒருவன் மட்டும் போய்ப் பேசினால் உனக்குப் பொறாமை என்பார். இரண்டு மூன்று பேராகப் போங்கள், நடந்ததைத் தேதியோடு சொல்லுங்கள், அவர் சொல்வதையும் கேளுங்கள். மாறவில்லை என்றால் அவரிடம் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். வீடு அவருடையதாக இருக்கலாம், புத்தகம் அவருடையதாக இருக்கலாம். நீங்கள் நாலு பேர் எதிரே உட்காராவிட்டால் அந்தக் குகையில் அவர் யாருக்குக் கதை சொல்வார்?